கூறையை வெட்டித் தைத்த பேர்ஸ்

ஆரபியின் கலியாண வரவேற்பு யாழ்ப்பாணத்து மண்டபம் ஒன்றில் பின்னேரம் தொடங்கியது. மணமகளின் தாய் கனகாம்பிகை கனடாவிலிருந்து வந்தவள். வாசலில் நின்று, வந்த பெண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பட்டுப் பேர்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தாள். அரக்குப் பட்டில் சரிகை இழையால் ஒரு கொடி. கொடி நெடுகச் சின்ன முத்துகளும் கண்ணாடி மணிகளும். தோளில் கொழுவப் பொன்னிறச் சங்கிலி.

“எல்லாம் கைவேலை. சென்னையிலை செய்விச்சது” என்று ஒவ்வொருவருக்கும் சொன்னாள்.

அருந்ததி கனகாம்பிகையின் தம்பி குகதாசனின் மனைவி. நீர்வேலியிலிருந்து விடியவே வந்து, ஓடியாடி வேலை செய்துகொண்டு நின்றவள். அவளுடைய கையிலும் ஒன்று வந்தது. திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கத்தில் பட்டின் கரை ஓடியது. ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்கும் இரண்டு அன்னங்கள், நடுவில் தாமரை மொட்டு.

அது அவளுடைய கலியாணக் கூறைச் சேலையின் கரை.

தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து வலிகாமம் முழுக்க ஊரை விட்டு எழும்பி நடந்தபோது, தலையணை உறைக்குள் சுற்றி அவள் காவிக்கொண்டு போன கூறை. போன வருஷம் கனகாம்பிகை வந்து, இதே மாதிரி ஆரபிக்கும் ஒன்று நெய்விக்க வேண்டும் என்று தம்பியிடம் கேட்டு வாங்கிப் போயிருந்தாள். அருந்ததி அப்போது வீட்டில் இல்லை. வந்து கேட்டதற்கு, “அக்கா திருப்பித் தருவா” என்றான் குகதாசன்.

“மச்சாள், இது என்ரை கூறையெல்லே?”

கனகாம்பிகை சிரித்தாள். “கண்டுபிடிச்சிட்டீரே! உப்பிடிப் பட்டு இப்ப எங்கையும் இல்லையாம். அலுமாரிக்குள்ளை பூச்சி அரிக்கிறதை விட இது எவ்வளவு வடிவு, பாரும்.”

“வெட்டினனீங்களோ?”

“மெல்லமாக் கதையும். மாப்பிள்ளை பகுதி நிக்கினம்.”

“நான் செத்தா கூறைக்குப் பதிலா என்னத்தைக் கட்டி எரிப்பியள்? இந்தப் பேர்ஸையோ?”

அருந்ததியின் குரலுக்கு மண்டபமே திரும்பியது. பாடிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். குகதாசன் ஓடிவந்து அவளுடைய கையைப் பிடித்தான்.

“வீட்டை போய்க் கதைப்பம், வா.”

அவன் முகத்தில் கலவரம் இருந்தது, ஆச்சரியம் இல்லை. அதை அவள் கண்டாள்.

“உங்களுக்குத் தெரியுமோ?”

“அக்கா போன மாசம் போனிலை சொன்னவ. கலியாணம் முடியட்டும் எண்டு…”

கையை உதறிவிட்டு முதல் மேசைக்குப் போனாள். “இது என்ரை கூறை. என்னைக் கேளாமல் வெட்டினது. தாங்கோ.” பெண்கள் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார்கள். ஒருத்தி பேர்ஸை நெஞ்சோடு அணைத்தாள். அருந்ததி அதைப் பறித்து, உள்ளே இருந்த போனையும் லிப்ஸ்டிக்கையும் மேசையில் கொட்டினாள். அதன் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

மேடையில் ஆரபி தலை குனிந்திருந்தாள். அந்தப் பிள்ளையைப் பார்க்க அருந்ததிக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் அவள் நிற்கவில்லை.

மாப்பிள்ளையின் தாய் ஞானாம்பிகை எழுந்து நின்றாள். தன்னுடைய பேர்ஸிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, பேர்ஸை நீட்டினாள். “ஒருத்தியின்ரை கூறையை வெட்டினதோ? எனக்கு வேண்டாம் பிள்ளை, கொண்டு போ.” அதற்குப் பிறகு மற்றவர்களும் தாங்களாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

“என்ரை பிள்ளையின்ரை நாளைக் குழப்பிப்போட்டாள்!” என்று வாசலில் கனகாம்பிகை அழுதாள். அருந்ததி எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிக்கொண்டு, அவளைக் கடந்து போய் ஓட்டோ பிடித்தாள்.

மறுநாள் காலை கனகாம்பிகை நீர்வேலிக்கு வந்தாள். கையிலிருந்த பையில் ஒரு புதுப் பட்டுச்சேலை. அருந்ததி வீட்டு முன் விறாந்தையில் குந்தியிருந்து, சவர அலகால் மணிகளை ஒவ்வொன்றாக அறுத்துப் பட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“கோபத்தை விடும் அருந்ததி. அதை விட நல்ல பட்டு.”

“ஏன் என்னைக் கேக்கேல்லை?”

“கேட்டா நீர் தரமாட்டீர்.”

“அப்ப தெரிஞ்சுதான் வெட்டினனீங்கள்.”

கனகாம்பிகை சேலையைக் கதிரையில் வைத்துவிட்டு, வந்த வாடகை வானிலேயே ஏறித் திரும்பிப் போனாள்.

உள்ளே நின்ற குகதாசன் மெல்ல வெளியே வந்தான்.

“உந்தச் சேலையைக் கொண்டுபோய் உங்கடை அக்காவிட்டைக் குடுங்கோ” என்றாள் அருந்ததி.

“அவ அடுத்த கிழமை கனடாவுக்குப் போயிடுவா. அதுக்குள்ளை ஒரு வார்த்தை கதைக்கமாட்டியோ?”

“அவவோடை எப்பவாவது கதைப்பன். அவ உங்களிட்டைக் கேட்டு வாங்கி வெட்டினவ, சரி. அலுமாரியைத் திறந்து எடுத்துக் குடுத்தது நீங்கள். ஒரு மாசமா என்ரை கையாலை சாப்பிட்டுக்கொண்டு வாய் திறக்காமல் இருந்ததும் நீங்கள். இனி உங்களோடைதான் கதைக்கேலாது.”

அவள் அலகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சேலைப் பையை மோட்டார் சைக்கிளில் கொழுவி, அவன் வாசல் படலையைத் திறந்தான்.