மரியாதை தெரிந்த விளக்கு

“பெரியப்பா, டாஷ்போர்டைக் கழட்டணும்.”

பட்டறையில் எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று வேலைக்கு வந்த அன்றே அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அந்த வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். கம்ப்யூட்டர் பெட்டியைத் தொடலாம், ஸ்கேனரைத் தொடலாம், வண்டிக்காரர்கள் முன்னால் நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசிப் பட்டறையின் மானத்தைக் காப்பாற்றலாம். டாஷ்போர்டு மட்டும் வயரிங் வேலை பார்க்கும் டேப்பு அண்ணனின் எல்லை. இன்சுலேஷன் டேப் சுருள் இல்லாமல் அவர் கையை யாரும் பார்த்ததில்லை. அதனால் அந்தப் பெயர்.

“எதுக்கு?” என்றார் பெரியப்பா.

“விளக்கு பொய் சொல்லுது.”

பட்டறையைப் போலவே வேனும் பெரியப்பாவுடையது, ஓட்டுவது அவள் அப்பா. பழைய எஞ்சின் மண்டையைப் போட்டதால், உடைசல் யார்டிலிருந்து வேறொரு வண்டியின் எஞ்சினையும், அது கிளம்பவே தேவைப்படும் கம்ப்யூட்டர் பெட்டியையும் கொண்டுவந்து பெரியப்பாவே மாட்டியிருந்தார். மறுநாள் காலை தரை ஓடு ஏற்றிக்கொண்டு அப்பா அதில் மலைக்குப் போக வேண்டும்.

பதிலுக்குக் காத்திராமல் அவள் திருகாணிகளைக் கழற்றினாள். நினைத்தது சரிதான். எஞ்சின் பழுதைச் சொல்லும் விளக்கின் வயர் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. பக்கத்து ஆயில் விளக்கின் வயரோடு கோத்து டேப் சுற்றியிருந்தது. சாவி போட்டால் இரண்டும் எரியும், எஞ்சின் கிளம்பினால் இரண்டும் அணையும். பார்க்கிறவனுக்கு எல்லாம் சுபம். கம்ப்யூட்டர் தொண்டை கிழியக் கத்தினாலும் விளக்குக்குக் காது கேட்காது.

“அது மரியாதை தெரிஞ்ச விளக்கு தங்கச்சி,” என்றார் டேப்பு அண்ணன். “சாவி போட்டா எழுந்து நிக்கும். வண்டி கிளம்பினா உட்காந்துக்கும். வேற என்ன வேணும் ஒரு விளக்குகிட்ட?”

அவள் கோத்ததை வெட்டினாள். இருக்கைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டரின் போல்ட்டுகளைக் கழற்றி வெளியே இழுத்து வைத்து, அதிலிருந்து விளக்குக்குப் புது வயர் போட்டாள். வண்டி எடுக்க வந்திருந்த அப்பா ஸ்டார்ட் செய்தார். ஆயில் விளக்கு அணைந்தது. பக்கத்து விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டே இருந்தது.

பழுதைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தாள். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரின் சூட்டைச் சொல்லும் சென்சாரிடமிருந்து பேச்சே இல்லை. ப்ளக் பொருந்தவில்லை என்று டேப்பு அண்ணன் அதையும் டேப்பில் சுற்றித் தூங்க வைத்திருந்தார்.

“தண்ணி கொதிச்சாலும் சூடு காட்டுற முள்ளு அசையாது,” என்றாள். “ஏத்தத்துல எஞ்சின் இறுகி நின்னா பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாயிடும். பின்னால ஒரு வண்டி தரை ஓடு. உள்ள எங்கப்பா.”

பெரியப்பா விளக்கையே பார்த்தார். “நேத்து வரைக்கும் நல்லா இருந்த வண்டி. நீ ஒரு வயர இழுத்த, நோய் வந்துடுச்சு.”

“நோய் முன்னாடியே இருந்துச்சு.”

“அப்ப ஏன் எரியல?”

“சரியான ப்ளக் வாங்கிக் குடுங்க, மத்தியானத்துக்குள்ள மாத்திடறேன்.”

“மாத்தினா என்ன அர்த்தம்? பழுது இருந்துச்சுன்னு அர்த்தம். மாட்டினது யாரு? நான். நான் மாட்டின எஞ்சின்ல பழுது இருக்குமா?”

அப்பாவாவது பேசுவார் என்று திரும்பிப் பார்த்தாள். அவர் தன் அண்ணன் முன்னால் சத்தமாக இருமிக்கூடப் பழகாதவர்.

“இல்லம்மா,” என்றார் மெதுவாக. “அது கண்ணுக்கு முன்னாடியே எரிஞ்சா, நான் ஏதோ தப்புப் பண்ணிட்ட மாதிரியே இருக்கு.”

ஆக, பிரச்சினை விளக்குதான் என்று முடிவானது. மூன்று ஆண்கள் எஞ்சினை அணைத்துவிட்டு, ஒரு பல்புக்குப் பஞ்சாயத்துக் கூட்டினார்கள். அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டலாம் என்றார் டேப்பு அண்ணன். விளக்கை வண்டியின் பின்பக்கம் மாற்றிவிட்டால் சரக்கு பார்த்துக்கொள்ளும் என்றார் அப்பா. பெரியப்பாவுக்கு இன்னும் பெரிய மூளை.

“நம்ம ஆபீஸ் செவுத்துல வச்சா என்ன? நான் பாத்துக்கறேன்.”

“வண்டி மலைல இருக்கும் பெரியப்பா.”

“வயர நீளமா போடு. படிச்சவதானே?”

கடைசியில் டேப்பு அண்ணன் பெட்டியைக் கிளறி, ஒரு பச்சை பல்பை எடுத்தார். மஞ்சளைக் கழற்றிவிட்டுப் பச்சையை மாட்டினார். அப்பா சாவியை மட்டும் திருப்பினார். சிவப்பு ஆயில் விளக்குக்குப் பக்கத்தில் பச்சை குளுகுளுவென்று எரிந்தது.

“பச்சைன்னா எல்லாம் நல்லாருக்குன்னு அர்த்தம்,” என்றார் பெரியப்பா. “எதிர்ப் பட்டறைக்காரன்கிட்ட இந்த வசதி கிடையாது.”

“ஒரு குழந்தை சிரிக்கிற மாதிரி இருக்குண்ணே,” என்றார் அப்பா. அவர் முகத்தில் உண்மையாகவே நிம்மதி இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்காவது மறைக்க வேண்டும் என்கிற கூச்சம் உண்டு. இவர்கள் பூசணிக்காய்க்கு மாலை போட்டு நடுக்கூடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள்.

நாலு வருஷம் படித்த படிப்பில் இதற்கு ஒரு பாடமும் இல்லை. விளக்கம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

மூவரும் டாஷ்போர்டின் மேல் தலையைக் கவிழ்த்திருந்தார்கள். அவள் மறுபக்கக் கதவு வழியாக இருக்கைப் பக்கம் குனிந்து, கம்ப்யூட்டரின் ப்ளக்கைப் பிடுங்கினாள். பெட்டியை எடுத்துத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

ப்ளக்கைப் பிடுங்கியதுமே உள்ளே பச்சை விளக்கு அணைந்திருந்தது.

“பாத்தீங்களா,” என்றார் டேப்பு அண்ணன். “தானாவே அடங்கிடுச்சு.”

“பழுது இருந்தாத்தானே,” என்றார் பெரியப்பா.

அப்பா மட்டும் நிமிர்ந்து பார்த்தார். “எங்கம்மா கிளம்பிட்ட?”

“நாளைக்கு நீங்க மலைக்குப் போகலப்பா.”

“ஏம்மா? அதான் சரியாயிடுச்சே.”

பெட்டி கனமாகத்தான் இருந்தது. பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, எண்ணெய்க் கறைகளைத் தாண்டித் தெருவில் இறங்கினாள்.