உள்மூட்டில் ஆட்டம்

லிப்டில் ஏற்றியிருந்த ஸ்போர்ட்ஸ் காரின் முன்சக்கரத்தை மெக்கானிக்கின் மைத்துனன் இருபக்கமும் பிடித்து இடவலமாக ஆட்டினான். மெக்கானிக் அடியில் நின்று, ஸ்டீயரிங் கம்பி சக்கரத்தோடு சேரும் மூட்டில் இரண்டு விரல்களை வைத்திருந்தார்.

மூட்டு என்பது கிண்ணத்துக்குள் இறுக்கமாக உட்கார்ந்த ஓர் உருண்டை. கிண்ணம் தேய்ந்தால் மயிரிழை இடைவெளி விழும். சக்கரத்தை ஆட்டும்போது உருண்டை அதில் போய் இடிப்பது, நாடி பார்ப்பதுபோல விரல்நுனிக்குத் தெரியும். பட்டறையில் அதற்கு 'ஆட்டம்' என்று பெயர். மறுநாள் தகுதிச் சோதனையில் அதிகாரியும் இப்படித்தான் பார்ப்பார்.

"இருக்கா மாமா?"

"இன்னொரு தடவ ஆட்டு மாப்ள."

"இதுக்கு மேல ஆட்டினா வண்டி வாந்தி எடுக்கும்."

கம்பியின் சக்கரப் பக்க முனையில் இருக்கும் வெளிமூட்டின் தேய்மானம் காதுக்கே 'டக் டக்' என்று கேட்டது. மெக்கானிக் அதைக் கழற்றினார். கழற்றும்போது சுற்றுகளை எண்ண வேண்டும். இருபத்திரண்டு சுற்றில் வந்தால் புதியதையும் இருபத்திரண்டு சுற்று ஏற்ற வேண்டும்; இல்லாவிட்டால் சக்கரம் கோணிக்கொள்ளும். எண்ணிக்கையில் அவர் தவறியதே இல்லை. எண்ண விரல் தேவையில்லை.

உள்மூட்டு அப்படியல்ல. அது கம்பியின் மறுமுனையில், ரப்பர் உறைக்குள் இருக்கிறது. சத்தம் வெளியே வராது. உறையைக் கிள்ளிப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். பதினெட்டு வருடங்களாக இதே பட்டறையில் நட்டு கழற்றும் காற்றுத் துப்பாக்கியைப் பிடித்து அதிர்ந்த விரல்கள் அவருடையவை. நுனி மரத்துப்போய், மூன்று வருடங்களாகச் சட்டைப் பொத்தானைக்கூடப் பார்த்துத்தான் போடுகிறார். அது மைத்துனனுக்கு மட்டும் தெரியும். போன வருடம் கை நடுங்கிய, ஒடுக்கு எடுக்கும் டிங்கரிடம் முதலாளி "கொஞ்சம் ரெஸ்ட் எடு" என்றார். மறுநாள் அவன் சாமான்கள் ஒரு சாக்கில் கட்டி வாசலில் இருந்தன.

மைத்துனன் குரலைத் தாழ்த்தினான். "நான் தொட்டுப் பாக்கட்டா?"

கண்ணாடி அறையிலிருந்து முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம். நீ ஆட்டு."

மெக்கானிக் உறையைக் கிள்ளினார். சக்கரம் ஆடியது கண்ணில் தெரிந்தது. விரலில் ஒன்றுமில்லை.

"சுத்தமா இருக்கு," என்றார், அறைக்குக் கேட்கும்படி.

மறுநாள் மதியம் கார் திரும்பி வந்தது. அதிகாரியின் சீட்டில் ஒரே வரி: இடது உள்மூட்டில் ஆட்டம்.

வண்டிக்காரர் கத்திவிட்டுப் போனார். முதலாளி கத்தவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, மைத்துனனைச் சக்கரத்தை ஆட்டச் சொல்லி, தானே உறையைப் பிடித்துப் பார்த்தார். அவரும் மெக்கானிக்காக இருந்தவர்தான்.

"கண்ண மூடு," என்றார் மெக்கானிக்கிடம்.

"எதுக்கு முதலாளி?"

"மூடேன். கைய நீட்டு."

நீட்டினார். முதலாளி அந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.

"என்ன வெச்சிருக்கேன், சொல்லு."

பட்டறையில் மற்றவர்களும் வேலையை நிறுத்தியிருந்தார்கள். மெக்கானிக் யோசித்தார். கனமாக எதுவும் இல்லை. சின்னதாகத்தான் இருக்க வேண்டும்.

"வாஷர்."

மெக்கானிக் மூடிய கையை லேசாகக் குலுக்கிப் பார்த்தார்.

"இல்ல... சின்ன நட்டு. எட்டாம் நம்பர்."

"மாமா," என்றான் மைத்துனன். "கண்ணத் திறங்க மாமா."

திறந்தார். முதலாளி அதற்குள் அறைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். மெக்கானிக் குனிந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். உள்ளங்கையில் ஒன்றுமில்லை. கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, எங்கேயோ விழுந்திருக்கும் என்பதுபோல, தரையில் தேட ஆரம்பித்தார்.