பதிவேட்டின் ஈரப் பக்கம்

படகுத் தச்சரின் பட்டறைக்கும் ஐஸ்காரரின் கொட்டகைக்கும் நடுவே இருந்த கரையில் நின்று யாராவது "இது என்னுடையது" என்று சொன்னால், கடல் எழுந்து வந்து சொன்னவரின் முழங்காலை மட்டும் நனைத்துவிட்டுப் போகும். பக்கத்தில் நிற்பவரின் செருப்புகூட ஈரமாகாது. ஆனால் திரும்பும்போது கரையில் ஒரு சாண் நிலத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போய்விடும். ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். அந்தக் கரை யாருக்கு என்ற வழக்குக்காக வந்த வக்கீல்கள் ரப்பர் பூட்ஸைப் பையிலேயே வைத்திருந்தார்கள்.

தச்சரின் தங்கையைத்தான் ஐஸ்காரர் கட்டியிருந்தார். கல்யாணமான புதிதில் மச்சானும் மாப்பிள்ளையும் அந்தக் கரையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே செய்தித்தாளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துப் படித்தவர்கள். பிறகு ஒருநாள் ஐஸ்காரர் தன் காலிப் பெட்டிகளைக் கொஞ்சம் தள்ளி அடுக்கினார். தச்சர் பதிலுக்கு ஓர் உடைந்த படகைக் கொண்டுவந்து சாய்த்து வைத்தார். பதினோரு வருடம் ஓடியது. மூன்று நீதிபதிகள் மாறினார்கள். இருவரும் மாற்றி மாற்றி எண்பது தடவைக்கு மேல் "என்னுடையது" என்று சொன்னதில், எழுபது அடிக் கரை ஒன்பது அடியாகியிருந்தது. பெஞ்ச் தண்ணீருக்குள் போய் நாலு வருடமாகிறது. ஐஸ்காரருக்கு இப்போது முழுச் செய்தித்தாளும் கிடைத்தது. ஏனோ பாதிக்கு மேல் படிக்கப் பிடிக்கவில்லை.

தங்கைக்கு அந்தக் கரைதான் வழி. தினமும் மாலை நான்கு மணிக்குச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, ஈர மணலில் நடந்து அண்ணன் பட்டறைக்குப் போய், ஒரு பலகையில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசிவிட்டு வருவாள். தெரு வழியாகப் போனால் துறைமுகத்தையே சுற்ற வேண்டும், இரண்டு பஸ். அவள் முழங்காலுக்கு அது ஆகாது. "இந்த ஒன்பது அடியும் போச்சுன்னா எங்க அண்ணன் வீடு அக்கரையாயிடும், தெரியுமில்ல?" என்று கணவரிடம் கேட்டாள். அவர் பக்கத்தைப் புரட்டினார்.

கடைசியில் நீதிமன்றம் நில அளவர் ஒருவரை அனுப்பியது. சங்கிலி மேடம் என்று பெயர் வாங்கியவர். அலுவலகம் கொடுத்த இடங்காட்டும் கருவி, அவரையே நடுக்கடலில் இருப்பதாகக் காட்டியதால், பழைய அளவுச் சங்கிலியோடு வந்து இறங்கினார். அச்சடித்த படிவத்தின் முதல் கட்டத்தில் 'உரிமையாளர்' என்று இருந்தது. கேட்டார். தச்சர் என்னுடையது என்றார், முழங்கால். ஐஸ்காரர் என்னுடையது என்றார், முழங்கால். அரசு வக்கீல் தொண்டையைக் கனைத்து, அரசாங்கத்துக்குச் சொந்தம் என்றார். அவருக்கு இடுப்பு வரை வந்தது. படிவமும் நனைந்து கூழாகிவிட்டது. கரை ஏழு அடிக்கும் கீழே போயிற்று.

"இன்னும் ரெண்டு பேர் வாயைத் திறங்க. நான் நீச்சல் கத்துக்கறேன்" என்றாள் தங்கை.

மேடம் தன் சொந்தப் பதிவேட்டை எடுத்தார். அவர் இடது கைக்காரர். முதல் கட்டத்திலிருந்து எழுதிப் போனால் மை கையில் இழுபடும் என்பதால், முப்பது வருடமாக எந்தப் பதிவையும் வலது ஓரத்துக் கடைசிக் கட்டத்திலிருந்துதான் தொடங்குவார். கடைசிக் கட்டம், 'இடத்தில் நடப்பது என்ன?' அதைக் கேட்டார். தச்சர், நான் படகு ஏற்றுகிறேன் என்று தொடங்கியதும் அலை கணுக்காலுக்கு வந்தது. தங்கை குறுக்கிட்டாள். "அண்ணன் படகு ஏத்துவாரு. இவரு பெட்டி கழுவுவாரு." தண்ணீர் இரண்டு அடி பின்வாங்கியது. மேடம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அவரவர் வேலையை அவரவர் சொல்ல வேண்டாம், அடுத்தவர் வேலையைச் சொல்லுங்கள் என்றார்.

தெருவே வந்து சொன்னது. வலை உலர்த்துபவளைப் பற்றித் தையல்காரர் சொன்னார், தையல்காரரின் நடைப்பயிற்சியைத் தபால்காரர் சொன்னார். முப்பது அடி திரும்பியது. அதற்குமேல் கடல் நகரவில்லை. எல்லோரும் அந்த இருவரையும் பார்த்தார்கள்.

ஐஸ்காரர் கடலைப் பார்த்தபடியே சொன்னார்: "மச்சான் காலையில இங்க உக்காந்து வளைஞ்ச ஆணியெல்லாம் நிமித்துவாரு. ஒண்ணைக்கூட தூக்கிப் போட மாட்டாரு, கஞ்சன்."

பத்து அடி.

"மாப்ளே கொட்டகைப் பக்கம் நின்னு பாடுவாரு" என்றார் தச்சர். "ஐஸ் உறையறது மிஷினாலன்னு நினைச்சீங்களா?"

இன்னொரு பத்து அடி. அதன்பிறகு அவர்களை நிறுத்த முடியவில்லை. பதினோரு வருடமாக ஒருவரையொருவர் பார்க்காதது போலப் பார்த்துவந்தது எல்லாம் வெளியே வந்தது. மழையில் மச்சானின் பலகைகளுக்குத் தார்ப்பாய் போர்த்தியது யார் என்பது வரை அன்று தெரிந்தது. வெயில் சாய்வதற்குள் பெஞ்ச் வெளியே வந்துவிட்டது, காலெல்லாம் சிப்பி ஒட்டியபடி.

மேடம் சங்கிலி பிடித்து அளந்தார். எழுபத்து நாலு அடி. அதிகப்படியாக வந்த நாலு அடியைக் கடல் திருப்பிக் கேட்கவில்லை. பதிவேட்டில் கடைசிக் கட்டம் ஒன்பது பக்கம் நீண்டது. உரிமையாளர் கட்டத்தில் பேனாவை வைத்தபோது மைக்குப் பதில் உப்புத் தண்ணீர் வந்ததால், அதை அப்படியே விட்டுக் கையெழுத்துப் போட்டார். நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்தப் பக்கம் இன்னும் காயவில்லை. பதிவறை எழுத்தர் திங்கட்கிழமைதோறும் அடியில் ஒரு புது ஒற்றுத்தாள் வைக்கிறார். அவருக்கு அது ஒரு வேலையாகத் தோன்றவில்லை.

செய்தித்தாள் மறுபடி இரண்டாகப் பிரிகிறது. நான்கு மணிக்குத் தங்கை வந்து, "தள்ளி உக்காருங்க ரெண்டு பேரும்" என்று நடுவில் இடம் பிடித்துக்கொள்கிறாள். செருப்பு அவள் காலிலேயே இருக்கிறது.