களியில் கட்டி

தூக்கத்தில் உதைக்கிற மனுஷனைத் தருமபுரிக்கு நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனால், அவர் உதையைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, மற்றதெல்லாம் குணத்தைப் பற்றியே கேட்கிறார். என் வயிற்றெரிச்சலை யாரிடம் சொல்ல!

என் வீட்டுக்காரர் குப்புராஜ் கண்ணை மூடினால் கனவில் சண்டைதான். கத்துவார், உதைப்பார், குத்துவார். போன வாரம் என் தோளில் விழுந்த குத்து இன்னும் கன்றிப்போய்க் கிடக்கிறது. காலையில் கேட்டால், "நானா?" என்றார்.

"இந்தத் தூக்கக் கோளாறு இருக்கிறவங்கள்ல பலருக்கு, வருஷங்கள் கழிச்சு கைநடுக்கமோ மறதியோ வரலாம்மா. எல்லாருக்கும் வரும்னு இல்ல. சுபாவம் மாறியிருந்தா அதையும் பார்க்கணும்," என்று டாக்டர் ஒரு தாளைக் கொடுத்தார். "வூட்ல யோசிச்சு நிரப்பிட்டு வாங்க."

ஊர் திரும்பும்போது மொரப்பூர் பஸ்ஸில் அதைப் படித்தேன். 'முன்பைவிட அமைதியாகிவிட்டாரா? ஆம், இல்லை.'

அடக் கடவுளே! களியில் ஒரு கட்டி இருந்தால் தட்டை வாசலுக்கு வீசிய ஆள் இவர். மூன்று வருஷமாகத்தான் பெட்டிப்பாம்பாக அடங்கிக் கிடக்கிறார். அந்தக் கோபம் போனதற்காகத்தானே தை மாசம் தீர்த்தமலைக்குப் போய் நான் மொட்டை போட்டேன்! முடி இன்னும் காதைத் தொடவில்லை. இது சாமி கொடுத்த வரமா, நோய் வருகிற அறிகுறியா? ஒரு எழவும் விளங்கவில்லை.

சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். மறுநாள் மத்தியானம் வேண்டுமென்றே கட்டி கட்டியாகக் களி கிண்டி வைத்தேன். கத்தினால் 'இல்லை'யில் டிக் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். தட்டு பறந்தாலும் பரவாயில்லை.

அவர் களியைப் பிட்டார். கட்டியை ஓரமாக ஒதுக்கிவிட்டு மிச்சத்தைத் தின்றார்.

"ஏங்க, கட்டி தெரியலயா?"

"தெரியுது."

"அப்பறம் என்ன? திட்டுங்க!"

"எதுக்குத் திட்டணும்? நான் தூக்கத்துல குத்தின தோளுதான, கிண்ட முடியலயா? நாளைக்கு நான் கிண்டறேன், நீ உக்காரு."

கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு பேச்சுக்குத்தான் ஏங்கினேன். இன்றைக்குத்தான் அது காதில் விழுந்தது. சந்தோஷப்படுவதா, பயப்படுவதா?

"ஒரே ஒரு தரம் திட்டுங்களேன்!" என்று கத்தி, அழுதுவிட்டேன்.

அவர் மிரண்டுபோய் என்னைப் பார்த்தார். பிறகு தன் தட்டைத் தானே எடுத்துப் போய்க் கழுவி வைத்தார். தாளில் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் இன்னும் டிக் போடவில்லை.