செத்தவை

அந்தக் கோப்புறைக்குப் பெயர் வைத்தவள் அவள்தான். அதுதான் அவளை அதிகம் எரித்தது.

உயிருள்ள செல்லின் சவ்வின் மேல், கண்ணுக்கு எட்டாத தங்கக் குச்சிகளை விட்டு, அவை நகர்வதையும் சுழல்வதையும் நுண்ணோக்கியில் படம் பிடிப்பது அவள் வேலை. குச்சி சுழலும்போது அதன் ஒளி கூடிக் குறையும். முதல் வருடம், நகராமல் கிடந்தவற்றையெல்லாம் ‘செத்தவை’ என்ற கோப்புறையில் தள்ளினாள். மூன்றாம் வருடம்தான் கண்ணில் பட்டது: அவற்றில் பாதி மினுக்கிக்கொண்டிருந்தன. நின்ற இடத்திலேயே சுழன்றுவிட்டு, பிறகே செல்லுக்குள் போயின. அவளுடைய ஆய்வேடே அந்தச் சுழற்சிதான். பெயரை மட்டும் மாற்றாமல் விட்டாள். சோம்பல்.

இன்று காலை கோப்புறையைக் காணோம்.

“டிஸ்க் நெறஞ்சு போச்சும்மா. செத்ததுன்னு நீயே எழுதி வச்சிருந்தே, தூக்கிட்டேன்,” என்றார் பேராசிரியர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடி.

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்.”

“பொணத்தை எடுக்க யார்கிட்ட கேக்கணும்?” அவரே சிரித்துக்கொண்டார்.

“போன மாசம்தானே காட்டினேன். சுத்துதுன்னு.”

“நீ என்னென்னவோ காட்டறே. ஓடுற குச்சியெல்லாம் பத்திரமா இருக்கு. ஓடி வருது, நேரா உள்ள போகுதுன்னு எழுதிக் கட்டுரைய முடி.”

“நேரா போகல சார். நின்னு சுத்திட்டுத்தான் போகுது.”

“ஆதாரம் எங்க?”

குளிர்சாதனப் பெட்டி உறுமி அடங்கியது. அவர் மேல் இருந்த கோபம் சுற்றிவந்து, அந்த நான்கு எழுத்தின் மேல் உட்கார்ந்தது. மறுபடி எழுந்து அவர் மேலேயே போனது.

“கட்டுரையில என் பேரை எடுத்துருங்க.”

“மூணு வருஷ உழைப்பும்மா. புத்தி கெட்டுப்போச்சா?”

“உழைச்சது சுத்தறதுக்கு. நீங்க சொல்ற பொய்க்கு இல்ல.”

கதவை அறையவில்லை, நுண்ணோக்கி அதிரும். இருட்டறைக்குள் போய்ப் புதுச் செல் தட்டை வைத்தாள். மதியம்வரை எல்லாக் குச்சிகளும் ஓடின. பிறகு ஒன்று நின்றது. மங்கியது, மின்னியது, மங்கியது.

படத்தைச் சேமிக்கப் போனாள். பெயர்க் கட்டத்தில் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினாள்:

‘உயிரோடு இருக்கிறது. கை வைக்காதே.’