அஞ்சலிக்குப் பக்கத்தில் கல்யாணம்

வானொலியில் அன்று காலை நடந்தது பெரிய கூத்து. திருமண நாள் கொண்டாடும் ஒரு வயதான தம்பதிக்காக அவர்களுடைய பிள்ளைகள் ஆசை ஆசையாகப் பாட்டு கேட்டிருந்தார்கள். எந்தக் கல்யாணப் பாட்டாக இருந்தாலும் சரி என்று பெருந்தன்மையாக வேறு சொல்லியிருந்தார்கள். அறிவிப்பாளர் வாயில் தேன் ஒழுக வாழ்த்திவிட்டு, 'கல்யாணம்' என்று குறித்த பாட்டுகளிலிருந்து ஒன்றை எடுக்கச் சொல்லிக் கணினியைத் தட்டினார். வந்தது ஒப்பாரி. தாயைப் புதைத்துவிட்டு வீடு திரும்பும் மகள் பாடுவது, கேட்டால் கல்லும் கரையும். அறிவிப்பாளர் சுதாரித்து நிறுத்துவதற்குள் ஒரு சரணம் முடிந்துபோயிற்று.

அந்த ஒப்பாரிக்குக் 'கல்யாணம்' என்று குறிப்புப் போட்ட புண்ணியவான், நிலையத்தில் எல்லோரும் பாட்டுப்பெட்டி என்று கூப்பிடுகிற மனிதர். வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து, வந்து குவிகிற பாட்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு, இது தாலாட்டு, இது பயணம், இது மழை என்று அடையாளம் வைப்பது அவர் வேலை. அதற்கென்று ஒரு மென்பொருள் இருந்தது. திரையின் வலப்பக்கம் ஒரு பேனல், அதில் வரிசையாகக் குறுக்குவழிப் பொத்தான்கள். பாட்டைத் தேர்ந்தெடுத்துப் பொத்தானை ஒருமுறை சொடுக்கினால் போதும், குறிப்பு ஏறிவிடும். மென்பொருளை எழுதிய மகராசன் எந்தக் கவலையில் இருந்தானோ, பொத்தான்களை அகரவரிசையில் அடுக்காமல் இஷ்டத்துக்கு அடுக்கி, அஞ்சலிக்குப் பக்கத்திலேயே கல்யாணத்தை வைத்திருந்தான். இரண்டுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி.

நிலைய மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டபோது பாட்டுப்பெட்டி இதைத்தான் சொன்னார்.

"பொத்தான் ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கும்மா. கை தவறிடுச்சு."

"அந்தப் பெரியவரு ஃபோன் பண்ணி விழுந்து விழுந்து சிரிச்சாரு, அதனால தப்பிச்சோம். உங்களுக்கு இப்படி ஆகாதே? ஒடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"எனக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்."

பொத்தான்கள் ஒட்டிக்கொண்டிருந்தது உண்மை. ஆனால் அவை பல வருடங்களாக அப்படித்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. புதிதாக வந்தது அவருடைய வலது கை நடுக்கம். வேலை செய்யும்போது அது சொன்ன பேச்சைக் கேட்கும். சும்மா இருக்கும்போதுதான் ஆட்டம். மவுஸின் மேல் விரலை வைத்துக்கொண்டு கண்ணை மூடிப் பாட்டில் லயித்திருப்பார். விரல் தன் பாட்டுக்கு ஒரு சொடுக்குப் போட்டுவிடும். அப்படிப் போட்டதுதான் அந்தக் கல்யாணம்.

வேலை போனால் போகட்டும் என்றுகூட அவரால் நினைக்க முடிந்தது. மனைவிக்குத் தெரியக்கூடாது, அதுதான் அவருக்கு உயிர்ப்பிரச்சினை. அவளுடைய அம்மாவுக்கு இதே நடுக்கம். கட்டைவிரலில் ஆரம்பித்து, கை, கால், நடை, பேச்சு என்று ஒவ்வொன்றாகத் தின்றுவிட்டுத்தான் விட்டது. அந்த அம்மாவுக்குக் கரண்டி கரண்டியாக ஊட்டி, இரவில் புரட்டிப் போட்டு, கழுவித் துடைத்துப் பார்த்துக்கொண்டது இவள்தான். எல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் மாடிப்படியில் உட்கார்ந்து, "இன்னொரு தடவை இதைப் பாக்கற தெம்பு எனக்கில்லைங்க" என்றாள். அழவில்லை, சும்மா சொன்னாள். அழுதிருந்தால் அவர் மறந்திருப்பார்.

ஆகவே மறைத்தார். தேநீர்க் கோப்பையை இடது கையில் பிடித்தார். பொத்தான் வைத்த சட்டைகளை அலமாரியின் அடியில் தள்ளிவிட்டு பனியன் சட்டைக்கு மாறினார். "இளமை திரும்புதோ?" என்று அவள் கிண்டலடித்தபோது வழிந்தார். தெருவில் நடந்தால் கை பாக்கெட்டுக்குள் இருக்கும், வீட்டில் உட்கார்ந்தால் தொடைக்கு அடியில் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிட்டதாகப் பூனைதான் நினைக்கும் என்பார்கள். பாட்டுப்பெட்டியும் நினைத்தார்.

மத்தியானம் அவள் வேலை முடிந்து வந்தாள். ஒரு பெரிய பலசரக்குக் கடையில் பில் போடுகிறவள். அங்கே அவளுக்குப் பெயரே பில்லக்கா. அந்தக் கடையில் நாள் முழுக்க இந்த வானொலிதான் ஓடும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அவள் பையை வைத்தாள், முகம் கழுவினாள், நேரே பின்னறைக்கு வந்தாள்.

"கொஞ்சம் நகருங்க."

"எதுக்கு?"

"கடையில வரிசையே நின்னு கேட்டுச்சு உங்க கல்யாணப் பாட்டை. ஒரு அம்மா தக்காளியைக் கையில வெச்சுக்கிட்டே கண்ணைத் தொடைக்கறாங்க. நகருங்கன்னா."

நகர்ந்தார். அவள் பேனலை ஒரு பார்வை பார்த்தாள். சமையலறையைக் கண்டபடி போட்டு வைத்திருக்கும் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனவளின் பார்வை அது.

"இதை யாரு அடுக்கினது? எங்க மெஷின்ல இப்படி இருந்தா தக்காளிக்குப் பதிலா சோப்புக்குப் பில்லு போட்டுட்டு நிக்கணும். இதை மாத்த முடியுமா முடியாதா?"

"முடியும். வலது பக்கத்துல சொடுக்கினா 'திருத்து'ன்னு வரும். ஆனா எனக்கு இதுவே பழகிடுச்சு…"

"பழகின லட்சணத்தைத்தான் ஊரே கேட்டுச்சே."

அவள் திருத்தத் தொடங்கினாள். அடிக்கடி வேண்டியது எது என்று கேட்டு, தாலாட்டையும் மழையையும் முன்னே இழுத்தாள். தொட்டுப் பார்க்காத பொத்தான்களைத் தூக்கி எறிந்தாள். அஞ்சலியைப் பேனலின் அடி மூலைக்குக் கொண்டுபோய்த் தனியாக உட்காரவைத்தாள். "பில்லை ரத்து பண்ற பொத்தானை நாங்க இப்படித்தான் எட்டாத இடத்துல வெப்போம். வேணும்னு போனாத்தான் கை போகும்" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. நல்லவேளை, பழியெல்லாம் பொத்தான் தலையிலேயே விழுந்துகொண்டிருந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் இன்றைக்குத் தப்பித்துவிடலாம்.

பிறகு அவள் பொத்தான்களைப் பெரிதாக்கினாள். ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவுக்கு வந்தது. நடுவே தாராளமாக இடம் விட்டாள். அதுவும் சரி என்று விட்டார். அடுத்து அமைப்புகளுக்குள் போய்த் துழாவி, ஒரு சொடுக்கில் குறிப்பு ஏறாதபடி, 'போடட்டுமா?' என்று கேட்டு ஆமாம் சொன்னால்தான் ஏறும்படி மாற்றினாள். அப்போது அவர் சிரிப்பு நின்றது. கடைசியாக மவுஸை எடுத்தாள். கம்பியைச் சுற்றிக் கொண்டுபோய், கணினியின் இடது பக்கம் வைத்தாள்.

தொடைக்கு அடியில் அவர் கை ஆடிக்கொண்டிருந்தது.

"எப்பத்திலேர்ந்து தெரியும்?" என்றார்.

"பனியன் சட்டை வாங்கினீங்களே, அதுக்கும் முன்னாடி." அவள் திரையிலிருந்து திரும்பவில்லை. "தூங்கும்போது உங்க கை அடங்கிடுது. முழிச்சதும் ஆரம்பிக்குது. அம்மாவுக்கும் அப்படித்தான். பக்கத்துல படுத்திருக்கறவளுக்குத் தெரியாதா?"

"ஏன் கேக்கல?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்ட நேரம் வாங்கி வெச்சிருக்கேன். அதுக்கு முன்னாடி சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். அதுக்குள்ள ஊருக்கே ஒப்பாரி வெச்சுட்டீங்க."

இத்தனை மாதம் மென்று விழுங்கியதை அவர் சொன்னார்.

"உனக்குத் தெம்பில்லன்னு சொன்னியே. படியில உக்காந்து. அம்மா போனப்ப."

இப்போது அவள் திரும்பினாள். மறந்திருப்பாள் என்று நினைத்தார். மறக்கவில்லை என்று முகம் சொல்லியது. ஒரு பொய்யான ஆறுதலைச் சொல்லப் போகிறாள், அதை நம்புவதுபோல் நடிக்க வேண்டியிருக்கும் என்று பயந்தார். அவள் அப்படிச் சொல்லவில்லை.

"சொன்னேன். இப்பவும் இல்லைங்க. பயமாத்தான் இருக்கு. ராத்திரி உங்க கையையே பாத்துக்கிட்டுப் படுத்திருக்கேன். ஆனா நீங்க அதை ஒளிச்சு வெச்சுக்கிட்டுத் தனியாக் கெடந்து தவிக்கறீங்களே, அதைத் தெனம் பாக்கறதுக்கு அதைவிட ஜாஸ்தி தெம்பு வேணும். அது என்னால சுத்தமா முடியல."

அவர் அழுதார். ஐம்பத்தைந்து வயதில், அகலமான பொத்தான்கள் மின்னும் ஒரு திரைக்கு முன்னால், மூக்கு ஒழுக அழுதார். அவள் தடுக்கவில்லை. தன் முந்தானையைக் கொடுத்து, "இதுல தொடைங்க. அந்தப் பனியன் சட்டையை நாசம் பண்ணாதீங்க, துவைக்கறது நான்தான்" என்றாள். அழுகைக்கு நடுவே அவர் சிரித்துவிட்டார்.

"கையைக் கொடுங்க."

தொடைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வெளிச்சத்துக்கு வந்ததும் அது இன்னும் பலமாக ஆடியது. நடுங்கும் கையைக் கண்டால் யாரும் உடனே இறுக்கிப் பிடித்து அடக்கத்தான் பார்ப்பார்கள். பிடித்தால் அடங்காது, பிடித்தவரும் களைத்துப்போவார் என்று அவளுக்குத் தெரியும். அவள் தன் கையை அதன் அடியில் ஏந்தி வைத்தாள், அவ்வளவுதான். அவர் கை ஆட, அவள் கையும் கூடவே ஆடியது.