கீழே போகும் கம்பி

முதலாளிக்குக் கதவைச் சாத்தத் தெரியும். வீட்டுக்கு எத்தனை கதவு என்றுதான் தெரியாது. போன வாரம் ஓர் ஆளை அனுப்பி, மாடி அறையில் இருந்த கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து, பிளாப்பி போடும் டிரைவைக் கழற்றிக்கொண்டு போகச் சொன்னார். ரிப்பேராம். அந்தக் கம்ப்யூட்டரில் இளையவள் எழுதி வைத்திருந்த புரோகிராம் எந்தப் பிளாப்பியிலும் ஏறி வெளியே போய்விடக் கூடாது, அதற்குப் பெயர்தான் ரிப்பேர். வந்த ஆள் கிளம்பும்போது, மேஜை ஓரத்தில் சோப்புப் பெட்டி அளவுக்கு, முகப்பில் சிவப்பு விளக்குகளோடு கிடந்த ஒரு சாமானைத் தூக்கிப் பார்த்தான்.

"இது என்னம்மா?"

"போன் சாமான்."

பொய் இல்லை. அவன் அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனான். அது மோடம், கம்ப்யூட்டரைப் போன் லைனோடு சேர்க்கிற சாமான். பல் டாக்டரிடமிருந்து அவள் பழசாக வாங்கியது.

இளையவள் என்றால் அந்த வீட்டின் இரண்டாவது மருமகள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் கட்டிங் பிரிவில் வேலை. ஓய்வு நேரத்திலும் ஓய்வெடுத்துவிடக் கூடாது என்று முதலாளி ஆபீஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை அவள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். ஆபீஸ் வேலை முடிந்த பிறகு அவள் தனக்காக ஒன்று செய்தாள். மார்பு, இடுப்பு, தோள், கை என்று ஓர் ஆளின் அளவுகளைக் கொடுத்தால், அந்த உடம்புக்கான வெட்டுக் கோடுகளைப் பிரின்டர் தாள் தாளாக அடித்துத் தரும். தாள்களை ஒட்டி, துணிமேல் விரித்து, கோட்டின்மேல் கத்தரியை ஓட்ட வேண்டியதுதான். அவளுடைய ஓரகத்தி, அதாவது மூத்த மருமகள், வீட்டிலிருந்தே தைத்துக் கொடுப்பவள். வெட்டுதான் அவளுக்கு எமன். ஒரு தடவை யாரோ கொடுத்த நல்ல துணியைக் கோணலாக வெட்டிவிட்டு, சமையலறையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துத்தான் இளையவள் மேலே போய் முதல் வரியை எழுதினாள். புரோகிராமுக்குக் 'கத்தரி' என்று பெயர் வைத்தாள்.

பெருமை தாங்காமல் அதில் பாதியைப் பிளாப்பியில் கொண்டுபோய் ஆபீஸில் காட்டியதுதான் அவள் செய்த தப்பு. வெள்ளிக்கிழமை முதலாளி கூப்பிட்டனுப்பினார். அவர் அறையில் இருந்த கம்ப்யூட்டரில் 'கத்தரி' ஓடிக்கொண்டிருந்தது. முதல் திரையில் அவள் பெயர் இருந்த இடத்தில் முதலாளியின் மாப்பிள்ளை பெயர் இருந்தது. அளவு நாடாவை எந்த முனையிலிருந்து படிக்க வேண்டும் என்றுகூட அந்த மாப்பிள்ளைக்குத் தெரியாது.

"பூட்டுப் போட்டு விக்கப்போறோம். தையல்கடைக்குக் கடை நல்ல விலை போகும்," என்றார் முதலாளி. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வேன் வரும், முழுசும் இருக்கிற மெஷினைக் கொடுத்து அனுப்பிடு."

"மெஷின் உங்களுது சார். இது நான் யோசிச்சு எழுதினது. என் தலைக்குள்ள இருந்து வந்தது."

"அந்தத் தலைக்குச் சம்பளம் கொடுக்கிறது யாரு?"

விற்கட்டும், மாப்பிள்ளை பெயரைப் போட்டுக்கொள்ளட்டும், அதைக்கூட விழுங்கிக்கொள்ளலாம். ஆனால் ஓரகத்தியைப்போல வீட்டில் உட்கார்ந்து தைக்கிறவள் எவளும் இனி அதைத் தொட முடியாது. அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. வீட்டுக்கு நடந்து வந்த வழியெல்லாம் அவளுக்கு இருந்தது ஒரே யோசனைதான். வேன் வருவதற்குள் 'கத்தரி' வெளியே போயாக வேண்டும்.

போக ஒரு வழி இருந்தது. பல் டாக்டர் தன் கிளினிக்கின் பின்னறையில் ஒரு கம்ப்யூட்டரைப் போன் லைனில் மாட்டி வைத்திருந்தார். மோடம் உள்ளவர்கள் அந்த எண்ணுக்குப் போன் செய்து உள்ளே நுழையலாம். மற்றவர்கள் எழுதிப்போட்டதைப் படிக்கலாம், தாங்களும் எழுதலாம், புரோகிராம்களை இறக்கிக்கொள்ளலாம், ஏற்றலாம். ஒரே லைன் என்பதால் ஒரு நேரத்தில் ஒருவர்தான். எல்லாரும் அதைப் 'பலகை' என்றார்கள். இளையவள் அங்கே எடுக்க மட்டுமே போகிறவள். "நீ கொடுக்கவே மாட்டியாம்மா?" என்று டாக்டர் இரண்டு தடவை அவளுக்குப் பலகையிலேயே எழுதிக் கேட்டிருந்தார்.

ஞாயிறு மத்தியானச் சாப்பாடு முடிந்து வீடு கண்ணயர்ந்த நேரத்தில் அவள் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தாள். கணவன் மின்நிலையத்தில் ஷிப்டுக்குப் போயிருந்தான். "அண்ணன்கிட்ட நீயே பேசிக்கோ," என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போன தைரியசாலி.

மோடம் எண்ணைச் சுழற்றியது. அந்தப் பக்கம் எடுத்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக் கீச்சிட்டு, கரகரத்து, சமாதானமாகி அமைதியாயின. அவள் பலகைக்குள் நுழைந்து, ஏற்றப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, கறுப்புத் திரையில் அனுப்பும் கட்டளையைத் தட்டினாள். அந்த அனுப்பும் புரோகிராமுக்குப் படமும் கிடையாது, பட்டனும் கிடையாது. ஒரே வரி. எந்தப் பைல், எந்த வழி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நடுவில் ஒரு சின்னக் கோடு போட்டு ஆர் என்ற எழுத்தைச் சேர்த்தால், விட்ட இடத்திலிருந்து தொடர் என்று அதற்கு அர்த்தம். பலகையும் பாதியில் அறுந்த பைலைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கும். டாக்டரின் மாமியார் நேரம் காலம் பார்க்காமல் போனை எடுத்துவிடுகிறவர். மாமியாரைத் திருத்த முடியாத டாக்டர் பலகையைத் திருத்திவிட்டார்.

திரையில் எண்கள் மெல்ல ஏற ஆரம்பித்தன. ஒரு மணி நேரத்துக்கு மேலே ஆகும். அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். கால்வாசி ஏறியிருக்கும். திரையில் கன்னாபின்னா என்று குப்பை எழுத்துகள் கொட்டின. மோடத்தின் விளக்குகள் அணைந்தன. கீழே மூத்தாரின் குரல் கேட்டது.

"ஹலோ? ஹலோ? என்ன சனியன், காதுக்குள்ள கீச்சுன்னு கத்துது!"

போன் மூத்தார் பெயரில் இருந்தது. கீழே கூடத்தில் ஒன்று, அதிலிருந்து பிரித்து இழுத்து மாடியில் ஒன்று. கீழே எடுத்தால் மேலே அறுந்துவிடும். மூத்தார், அதாவது கணவனின் அண்ணன், அதே தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசர். இளையவளுக்கு அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவர். அதைத் தினம் ஒரு தடவையாவது சொல்லிக்காட்டாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. அவர் வேட்டியை இறுக்கிக்கொண்டே படியேறி வந்தார்.

"போனை வச்சு என்ன பண்றே?"

மழுப்பியிருக்கலாம். அவளுக்கு மழுப்பப் பிடிக்கவில்லை.

"என் புரோகிராமைப் பலகையில ஏத்துறேன் அத்தான். யாருக்கு வேணுமோ அவங்க சும்மா எடுத்துக்கட்டும்."

அவர் முகம் கறுத்தது. "முதலாளி என் மூஞ்சியில முழிப்பாரா? நான் சொல்லித்தானே உன்னை எடுத்தார்? என் மூக்கை அறுக்கத்தான் வந்தியா?"

"உங்க மூக்கு பத்திரமாத்தான் இருக்கு. பேர் போனது எனக்கு."

"நிறுத்து."

"மாட்டேன்."

அந்த வீட்டில் அந்த வார்த்தையை அவரிடம் யாரும் சொன்னதில்லை. அவர் வேட்டியை இன்னொரு முறை இறுக்கிக் கட்டினார். பிறகு, "சரி, நீ ஏத்து. நான் எடுத்துக்கிட்டே இருக்கேன். எத்தனை தடவை முதல்ல இருந்து ஆரம்பிப்பேன்னு பார்த்துடலாம்," என்று இறங்கிப்போனார்.

முதலில் இருந்தா? இளையவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆர் என்ற எழுத்தைப் பற்றி அவருக்குத் தெரியாது. அவரைப் பொறுத்தவரை, பேச்சு அறுந்தால் அறுந்ததுதான். மறுபடி கூப்பிட்டால் மறுபடி 'சௌக்கியமா'விலிருந்து தொடங்க வேண்டும்.

அவள் திரும்ப டயல் செய்தாள். நல்லவேளை, வேறு யாரும் இடையில் புகவில்லை. கட்டளையை ஆரோடு தட்டினாள். எண்கள் பழைய கால்வாசியிலிருந்தே கிளம்பின. கொஞ்சம் ஏறியதும் கீழே ரிசீவரை எடுக்கும் சத்தம். விளக்குகள் அணைந்தன.

"ஐயோ, போச்சே! எல்லாம் போச்சே!" என்று இளையவள் வீடே அதிரக் கத்தினாள்.

கீழே திருப்தியான ஒரு செருமல். அவள் மறுபடி டயல் செய்தாள். அவர் மறுபடி எடுத்தார். ஒவ்வொரு தடவையும் அவள் ஒப்பாரி வைத்தாள். ஒவ்வொரு தடவையும் அவர் செருமினார். ஒவ்வொரு தடவையும் எண்கள் விட்ட இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் ஏறின. ஒப்பாரியில் அவள் நன்றாகத் தேறிவிட்டாள். பாதி தாண்டி, முக்கால் தாண்டியது.

ஓரகத்தி டீயோடு வந்தாள். "ஏண்டி இப்படிக் கத்தறே, அவர் ஜெயிச்ச மாதிரி மீசையைத் தடவிட்டு உட்கார்ந்திருக்கார்," என்று ஆரம்பித்தவள், திரையைப் பார்த்தாள். எண்கள் குறையாமல் ஏறுவதைப் பார்த்தாள். இளையவளைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து லைன் மறுபடி அறுந்தது. இளையவள் கத்திவிட்டு டயல் செய்தாள். இந்த முறை டயல் டோன் வரவில்லை. ரிசீவரைக் காதில் வைத்துப் பார்த்தாள். மூத்தாரின் மூச்சுச் சத்தம்தான் கேட்டது.

"வச்சுடுங்க அத்தான்."

"வைக்கமாட்டேன்," என்றது ரிசீவர். "வேன் வர்ற வரைக்கும் கையிலேயே வச்சிருக்கப்போறேன்."

இளையவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கடைசித் துண்டு. அதுதான் போக வேண்டியிருந்தது. அது போகாவிட்டால் பலகையில் இருப்பது வெறும் குப்பை. முடியாத பைலை யாராலும் திறக்க முடியாது. ஜன்னலுக்கு வெளியே வெயில் சாய்ந்துவிட்டது. அவள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது, இந்த முறை சத்தம் வரவில்லை.

ஓரகத்தி டம்ளரை மேஜையில் வைத்தாள். "படி திரும்புற மூலையில ஒரு வெள்ளை டப்பா இருக்கு," என்று மெதுவாகச் சொன்னாள். "நான்தான் தூசி தட்டுறேன். தெருவுல இருந்து வர்ற கம்பி அதுக்குள்ள போகுது. அங்க இருந்து ஒண்ணு மேலே வருது, ஒண்ணு கீழே போகுது."

"அக்கா…"

"நான் ஒண்ணும் சொல்லலை. தூசி தட்டுறேன்னு சொன்னேன்."

இளையவள் எழுந்தாள். அலமாரியிலிருந்து தன் கத்தரியை எடுத்தாள். நாலு மடிப்புத் துணியைக் கடிக்கிற, கை நீளக் கட்டிங் கத்தரி. சத்தமில்லாமல் படியிறங்கி மூலையில் குனிந்தாள். எந்தக் கம்பி மேலே வருகிறது, எந்தக் கம்பி கீழே போகிறது என்று விரலால் தடவித் தடவி இரண்டு தடவை பார்த்தாள். தொழில் பழக்கம், வெட்டிய பிறகு யோசித்து லாபமில்லை. அங்கிருந்து எட்டிப் பார்த்தால் கூடம் தெரிந்தது. மூத்தார் நாற்காலியில் சாய்ந்து, ரிசீவரைக் காதோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் கீழே போகிற கம்பியில் கத்தரியை வைத்து ஒரே வெட்டு வெட்டினாள்.

மேலே ஓடி ரிசீவரை எடுத்தாள். கொஞ்சம் மௌனம். பிறகு அருமையான, கனத்த டயல் டோன். அவள் எண்ணைத் தட்டினாள். வேறு யாரோ உள்ளே இருந்தார்கள். மறுபடி தட்டினாள். அப்போதும் அப்படித்தான். ஓரகத்தி நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த முறை பலகை எடுத்தது. கோடு, ஆர், பைல் பெயர். எண்கள் முக்காலுக்கு மேலிருந்து கிளம்பின.

கீழே மூத்தார் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செத்த போனைக் காவல் காத்தார்.

வேன் ஹாரன் அடித்தபோது திரையில் 'முடிந்தது' என்ற வரி வந்துவிட்டிருந்தது. ஏற்றுபவர் பெயர் கேட்ட இடத்தில் அவள் தன் முழுப் பெயரையும் தட்டினாள், கூடவே கட்டிங் பிரிவு என்றும் சேர்த்தாள். அதற்குக் கீழே, 'டாக்டர், இதோ கொடுத்துட்டேன்' என்று எழுதிவிட்டு வெளியே வந்தாள். கம்ப்யூட்டரை அணைத்து, கம்பிகளை அவளே கழற்றிக் கொடுத்தாள். போன வாரம் வந்த அதே ஆள்தான் தூக்கிக்கொண்டு போனான். மோடத்தை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூத்தார் வேனை அனுப்பிவிட்டு, அது போய்ச் சேரும் நேரம்வரை காத்திருந்து, முதலாளிக்கு நல்ல செய்தி சொல்லப் போனை எடுத்தார். தட்டினார், உதறினார், ஊதிக்கூடப் பார்த்தார். பிறகு படியேறி வந்தார். வழியில் மூலையைப் பார்த்துவிட்டார் என்பது அவர் மூச்சிலேயே தெரிந்தது.

"கம்பியை யாரு அறுத்தது?"

"நான்தான் அத்தான்."

"நான்தான் இடத்தைக் காட்டினேன்," என்றாள் ஓரகத்தி. அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு வேலை போகும். தெரியும்ல?"

"தெரியும். போகட்டும்."

அவர் மேற்கொண்டு என்ன சொல்லியிருப்பாரோ, போன் அடித்தது. இனி அந்த வீட்டில் அது மாடியில் மட்டும்தான் அடிக்கும். அவர் கை நீட்டுவதற்குள் இளையவள் எடுத்துவிட்டாள். முதலாளி. குரலில் ஏக உற்சாகம்.

"மெஷின் வந்து சேர்ந்துடுச்சு. அழிச்சு கிழிச்சு வைக்கலையே? புரோகிராம் முழுசா இருக்கா?"

மூத்தார் இரண்டு கையாலும் வேண்டாம், வேண்டாம் என்று சைகை காட்டினார். இளையவள் அவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"முழுசா இருக்கு சார். உங்ககிட்டயும் இருக்கு."